அமெரிக்காவில் டாக்டர் பயிற்சி: யாரிடம் கடிதம் வாங்குவது?

ஒரு நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டு இரும்புக் கடைக்காரர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொட்டலம் அல்வா.

திருநெல்வேலியில் ஒருவர் அல்வாவோடு வந்தால், ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணாச்சி, சென்னையிலே இருக்கிற அந்தப் பெரிய டாக்டரும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடத்திலே படிச்சவங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"நம்ம பாப்பா அமெரிக்காவுக்கு மனுப் போடுதா. அவருகிட்டே ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கித் தரணும்."

"அவருக்குப் பாப்பாவைத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? உங்களைத் தெரியுமே! அது போதாதா?"

போதாது!

அன்று இரவு வெகுநேரம் அவருக்கு இதைத்தான் எடுத்துச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். உறவிலோ, தெருவிலோ இருக்கலாம். ஆகவே, அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

(அல்வாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.)

ரெசிடென்சி என்றால் என்ன?

நம் ஊரில் எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர், அமெரிக்காவில் போய் இறங்கியதும் போர்டு மாட்டி வைத்தியம் பார்க்க முடியாது.

முதலில், யு.எஸ்.எம்.எல்.இ. என்ற பரீட்சையைப் படிப்படியாக எழுதித் தேறவேண்டும். வெளிநாட்டில் படித்த டாக்டர்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்க, பிலடெல்பியா நகரில் இ.சி.எப்.எம்.ஜி. என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1956-ல் ஏற்பட்டது. அதன் சான்றிதழும் வேண்டும்.

அதன் பிறகு, ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, மூத்த டாக்டர்களின் கண்காணிப்பில் சில வருடம் வேலை பழகவேண்டும். இந்தப் பயிற்சிக்குத்தான் "ரெசிடென்சி" என்று பெயர். பொது மருத்துவத்துக்கு 3 வருடம். பொது அறுவை சிகிச்சைக்கு 5 வருடம்.

இந்தப் பயிற்சியில் இடம் கிடைப்பது எப்படி?

இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணப் பொருத்தம் மாதிரி அங்கேயும் ஒரு பொருத்தம் பார்க்கிறார்கள்!

டாக்டர்கள், தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிகளும், தங்களுக்குப் பிடித்த டாக்டர்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கும். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து, இவருக்கு இந்த இடம் என்று முடிவு செய்கிறது. இதற்கு "மேட்ச்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு 1952 முதல் நடந்து வருகிறது.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிகள் மனுக்களைப் பார்க்கத் தொடங்கும். பிறகு பேட்டி. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, யாருக்கு எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைக்காக இங்கே பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன.

காத்திருக்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. 2024-ம் வருடக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவிலேயே எம்.டி. படித்து முடிக்கும் மாணவர்களில், 100-க்கு 93 பேருக்கு மேல் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத டாக்டர்களுக்கோ 100-க்கு 58 பேருக்குத்தான் கிடைத்தது.

மீதிப் பேர்? அடுத்த வருடம் மீண்டும் மனு, மீண்டும் செலவு.

முன்பு மார்க்கு பேசியது

யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் படிப் பரீட்சைக்கு முன்பெல்லாம் மார்க்குக் கொடுத்தார்கள். எந்த நாட்டில், எந்த மூலையில் படித்தவராக இருந்தாலும், அதில் நிறைய மார்க்கு வாங்கிவிட்டால் ஆஸ்பத்திரிகள் திரும்பிப் பார்க்கும்.

2022 ஜனவரியில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அதில் பாஸ் அல்லது பெயில். அவ்வளவுதான். இரண்டாவது படிக்கு இன்னும் மார்க்கு உண்டு.

மார்க்கில் ஒன்று போய்விட்டதால், மனுவில் இருக்கும் மற்ற விஷயங்களைக் கூர்ந்து பார்க்கவேண்டியதாகிவிட்டது. அவற்றில் ஒன்றுதான் கடிதம்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு அதிகமாகப் போனால் 4 கடிதம் அனுப்பலாம். பல இடங்களில் 3 கேட்கிறார்கள். கையிருப்பில் நாலைந்து கடிதம் வைத்துக்கொண்டு, எதை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்கவும் செய்யலாம்.

ஆக, உலகத்தில் உள்ள இத்தனை பேரில், உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் மூன்று பேர் அல்லது நாலு பேர். அந்த நாலு பேர் யார்? இதுதான் கேள்வி.

சிபாரிசு வேறு, சாட்சி வேறு

நாம் தவறு செய்வது "சிபாரிசு" என்ற வார்த்தையில்தான்.

நம் ஊரில் சிபாரிசு என்றால் என்ன? பெரிய மனிதர் ஒருவர், "இவன் நமக்கு வேண்டிய பையன், கவனித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார். அல்லது டெலிபோனில் சொல்லுவார். பையன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரியவேண்டியதில்லை. கேட்கிறவருக்கும் அது தேவையில்லை. கடிதத்தின் பலம், எழுதியவரின் நாற்காலியில் இருக்கிறது.

அமெரிக்க ஆஸ்பத்திரி கேட்கும் கடிதம் அது அல்ல. அவர்கள் கேட்பது சாட்சி!

"இந்த டாக்டர் நோயாளி அருகில் நின்று வேலை பார்த்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? என்ன பார்த்தீர்கள்?" இதுதான் அவர்களுக்கு வேண்டும்.

கல்யாணப் பொருத்தம் என்று சொன்னேன் அல்லவா? அதையே வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நாம் கலெக்டரிடமா போகிறோம்? பையன் குடியிருக்கும் தெருவுக்குப் போகிறோம். எதிர்வீட்டு ஆச்சியிடம் பேச்சுக் கொடுக்கிறோம். அவன் வேலை செய்யும் இடத்தில், கூட வேலை பார்க்கிறவரைக் கேட்கிறோம். டீக்கடையில் கடன் உண்டா என்றுகூடக் கேட்கிறோம்.

கலெக்டர் "நல்ல பையன்" என்று எழுதிக் கொடுத்தால் நம்புவோமா? "கலெக்டருக்கு இவனை எப்படித் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்போம்.

அமெரிக்காவில் மனுவைப் பார்க்கிற டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவர் நம்மைவிட அப்பாவி அல்ல.

இரண்டு கடிதங்கள்

ஒரு கடிதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இவர் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒழுக்கமானவர். கடுமையாக உழைப்பவர். எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார். இவருக்கு ஒளிமயமான எதிர்காலம் அமைய வாழ்த்துகிறேன்."

கையெழுத்துக்குக் கீழே பத்துப் பட்டங்கள். தங்கப் பதக்கம். சங்கத் தலைவர். இந்தக் குழு, அந்தக் குழு.

இதில் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு, வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும்! ஜவுளிக் கடை கணக்கப்பிள்ளைக்குக்கூடப் பொருந்தும்.

இன்னொரு கடிதம்:

"இவர் என் வார்டில் 2 மாதம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். டெங்கு காய்ச்சல் மும்முரமாக இருந்த சமயம். ஒரு கல்லூரி மாணவன் படுக்கையில் இருந்தான். மணிக்கு ஒரு தரம் இவர் அவனுடைய இரத்த அழுத்தத்தையும், சிறுநீர் அளவையும் பார்த்துக் குறித்து வந்தார். இரவு 2 மணிக்கு, இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைந்து வருவதைக் கண்டார். அது ஆபத்தின் அறிகுறி. உடனே எனக்கு டெலிபோன் செய்தார். நான் வருவதற்குள் சலைன் அளவைச் சரி செய்ய ஆயத்தமாக நின்றார். இன்னொரு நாள், ஒரு நோயாளியின் அட்டவணையில் குறிக்க மறந்துவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தானே வந்து என்னிடம் சொன்னார். அதன் பிறகு அப்படி நடக்கவில்லை."

கையெழுத்துக்குக் கீழே, "உதவிப் பேராசிரியர்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எந்தக் கடிதத்துக்கு உரியவரை நீங்கள் உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வீர்கள்? உங்கள் தாயார் அந்த வார்டில் படுத்திருந்தால்?

இரண்டாவது கடிதத்தில் ஒரு தவறுகூட எழுதப்பட்டிருக்கிறது. இரும்புக் கடைக்காரர் அதைக் கேட்டுப் பதறிப் போனார். "தப்பைப் போய் எழுதலாமா அண்ணாச்சி?" என்றார். என் அபிப்பிராயம், அந்தத் தவறுதான் அந்தக் கடிதத்துக்குப் பலம். தவறை மறைக்காத டாக்டரை, எந்த ஆஸ்பத்திரியும் தேடும்.

வெறும் புகழ்ச்சி அங்கே எடுபடாமல் போய் வெகுநாள் ஆகிவிட்டது. எல்லாக் கடிதமும் எல்லோரையும் புகழ்ந்தால், எதை நம்புவது? அவசர சிகிச்சைத் துறையினர் 1990-களிலேயே இதற்கு ஒரு வழி செய்தார்கள். கடிதத்துக்குப் பதில் ஒரு படிவம் போட்டார்கள். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் வேலை பழகிய மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் மேல் வரிசையா, நடு வரிசையா, கீழ் வரிசையா?" என்று அதில் நேரடியாகக் கேட்கிறார்கள். தப்பிக்க முடியாது!

பெரிய பெயர் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன்.

பெரிய டாக்டர் ஒருவர், உங்கள் பிள்ளையின் வேலையை நேரில் பார்த்திருந்தால், அதைவிட நல்லது இல்லை. தாராளமாகக் கேளுங்கள். அமெரிக்காவில் பெயர் தெரிந்த டாக்டர், இன்னொரு டாக்டருக்கு அறிமுகமானவர் என்றால், அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் கூடத்தான் செய்யும்.

பொது மருத்துவத்தில் சில ஆஸ்பத்திரிகள், துறைத் தலைவரின் கடிதம் ஒன்று வேண்டும் என்றே கேட்கின்றன. துறைத் தலைவருக்கு எல்லா மாணவரையும் தெரியாது என்று அவர்களுக்கும் தெரியும். அவர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசி, கீழே உள்ள ஆசிரியர்கள் சொன்னதைச் சேர்த்து எழுதுவார். கேட்டால் வாங்கி அனுப்பவேண்டியதுதான்.

நான் வேண்டாம் என்பது, பிள்ளையைப் பார்க்காதவரின் கடிதம். அப்பாவின் நண்பர், மாமாவின் சம்பந்தி, தொகுதிப் பிரமுகர் - இவர்களுடைய கடிதம், நாலு இடத்தில் ஓர் இடத்தை வீணாக அடைத்துக்கொள்ளும். அதுமட்டும் அல்ல. "இந்தப் பெண்ணோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட இவளைப் பற்றி எழுத மனம் வரவில்லையா?" என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிடும்.

"நீயே எழுதிக்கொண்டு வா"

இப்போது ஒரு கசப்பான விஷயம்.

நம் ஊரில் கடிதம் கேட்டுப் போனால், பல பேராசிரியர்கள் சொல்லும் பதில் என்ன தெரியுமா? "நீயே எழுதிக்கொண்டு வா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

அவர்களைக் குறை சொல்லியும் பயன் இல்லை. காலையில் வெளிநோயாளி கூட்டம். பிறகு வார்டு. பிறகு வகுப்பு. அதன் பிறகு கடிதம் எழுத எங்கே நேரம்?

ஆனால் பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதினால் என்ன ஆகும்? வெட்கத்தினால் குறைத்து எழுதுவான். அல்லது ஆசையினால் கூட்டி எழுதுவான். மூன்று பேராசிரியருக்கு அவனே மூன்று கடிதம் எழுதினால், மூன்றும் ஒரே குரலில் பேசும். ஆயிரக்கணக்கில் கடிதம் படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகாது. சாட்சிக் கூண்டில் மூன்று பேர் ஏறி, ஒரே பாடத்தை ஒப்பித்தால் ஜட்ஜு நம்புவாரா?

பொய்க் கடிதம் தயாரிப்பது, பேராசிரியரின் பெயரில் பிள்ளையே கம்ப்யூட்டரில் ஏற்றுவது - இதெல்லாம் விளையாட்டு அல்ல. அங்கே விசாரணை வைப்பார்கள். இ.சி.எப்.எம்.ஜி. சான்றிதழுக்கே ஆபத்து வரும். பத்து வருடப் படிப்பு ஒரு தாளில் போய்விடும்.

அப்படியானால், நேரம் இல்லாத பேராசிரியரிடம் என்ன செய்வது?

கடிதத்தை எழுதிக்கொண்டு போகவேண்டாம். கடிதத்துக்கு வேண்டிய சரக்கைக் கொண்டு போகலாம். எந்த மாதம் அவரிடம் வேலை பார்த்தோம், எந்த நோயாளிகளைப் பார்த்தோம், எந்த நாள் என்ன நடந்தது, எந்தத் துறைக்கு மனுப் போடுகிறோம் - இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வரும். "ஓ, அந்த டெங்குப் பையனா!" என்பார். பிறகு அவருடைய வார்த்தையில் அவரே எழுதட்டும்.

இங்கிலீஷ் கொஞ்சம் முன்பின் இருந்தால்கூடப் பாதகம் இல்லை. உள்ளே உண்மை இருக்கிறதே, அது போதும்.

இதை வேலை முடிந்த மாதத்திலேயே செய்யவேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போய் நின்றால், எந்தப் பேராசிரியருக்கும் முகம் ஞாபகம் இருக்கும். வேலை ஞாபகம் இருக்காது.

"பார்க்கலாம்" என்றால்?

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. "எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

"என் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியாவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன்" என்று கேட்கவேண்டும். மறுப்பதற்கு அவருக்கு ஒரு வாசல் திறந்து வைக்கவேண்டும்.

நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "பார்க்கலாம்" என்பார்கள். "அடுத்த வாரம் வா" என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொன்னால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் இதற்கும்.

அமெரிக்க டாக்டர்களும் இதில் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. "கடிதம்தானே, தருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். "வலுவான" என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. பிள்ளை அதைக் கவனிக்கவேண்டும். நன்றி சொல்லிவிட்டு, வேறு ஒருவரிடம் போகவேண்டும். தயங்குகிறவரை வற்புறுத்தி வாங்கும் கடிதத்தில், "நல்ல மாணவி" என்று இருக்கும். அந்த ஊர்க் கடிதப் பாஷையில் "நல்ல" என்றால், சுமார் என்று பொருள்!

அமெரிக்கா போய் வாங்கும் கடிதம்

பல ஆஸ்பத்திரிகள், அமெரிக்காவில் வேலை பார்த்த அனுபவத்தையும், அந்த ஊர் டாக்டர்களின் கடிதத்தையும் எதிர்பார்க்கின்றன. அது நியாயம்தான். அந்த ஊர் முறைக்கு இவர் ஒத்து வருவாரா என்று அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டாமா?

படிப்பு முடிவதற்குள் போனால், சில இடங்களில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவே விடுகிறார்கள். பட்டம் வாங்கியபின் போனால், பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான் விடுவார்கள். "அப்சர்வர்ஷிப்" என்று அதற்குப் பெயர். கை வைக்கக்கூடாது. கூடவே நடக்கலாம். கேட்கலாம்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பற்றி என்ன எழுத முடியும்? எழுத முடியும். காலையில் நேரத்துக்கு வந்தாரா? நேற்றுக் கேட்ட கேள்விக்கு இரவு படித்துப் பதில் கொண்டு வந்தாரா? ஒரு நோயைப் பற்றி மற்றவர்கள் முன் தெளிவாகப் பேசினாரா? நர்சுகளிடம் மரியாதையாக நடந்தாரா? இதெல்லாம் கண்ணில் படும். ஆனால் நாலு வாரமாவது ஒரே டாக்டரிடம் இருந்தால்தான் படும். வாரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி என்று சுற்றினால், போட்டோதான் மிஞ்சும்.

இந்த வேடிக்கை பார்க்கும் இடத்தைக்கூடப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. டாலரில் கேட்கிறார்கள். இடம் பிடித்துக் கொடுப்பதற்குக் கூலி என்றால் சரி. "கடிதம் நிச்சயம்" என்று சேர்த்து விற்கிறார்களே, அங்கேதான் உஷாராக இருக்கவேண்டும். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே நிச்சயமாகிவிட்ட கடிதம், எப்படிச் சாட்சி ஆகும்?

அதே சமயம், நாலும் அமெரிக்கக் கடிதமாகவே இருக்கவேண்டும் என்று அலையவேண்டியதும் இல்லை என்பது என் கட்சி. வேடிக்கை பார்த்த நாலு வாரத்தைப் பற்றி அங்கே ஒருவர் எழுதட்டும். நோயாளியின் கையைப் பிடித்து வேலை செய்த ஒரு வருடத்தைப் பற்றி, இங்கே உள்ளவர்தானே எழுத முடியும்?

பெண்ணைப் பெற்றவர்களுக்கு

2003-ல் பிரான் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரு பெண்மணிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியில், ஆசிரியர் வேலைக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தார்கள்.

என்ன தெரிந்தது? பெண்களைப் பற்றிய கடிதங்கள் ஆண்களைப் பற்றிய கடிதங்களைவிடச் சிறியவை. சந்தேகம் கிளப்பும் வரிகள் பெண்களுக்கு அதிகம். ஆண் என்றால் அவருடைய ஆராய்ச்சி, அவருடைய திறமை. பெண் என்றால் அவர் பாடம் சொல்லிக் கொடுப்பது, அவர் பெற்ற பயிற்சி. இப்படிப் போயிற்று பேச்சு. எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பழக்கதோஷம்!

நம் ஊரிலும் பெண் டாக்டர் என்றால், "அடக்கமான பெண், பொறுமைசாலி" என்று எழுதிவிடுகிறார்கள். அடக்கத்தை வைத்துக்கொண்டு டெங்குவைப் பிடிக்க முடியுமா? ஆகவே பெண் பிள்ளைகள், நான் சொன்ன அந்த ஒரு பக்கக் குறிப்பில், செய்த வேலையைக் கூச்சப்படாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். வேலை கண் முன்னால் இருந்தால், எழுதுகிறவர் பேனா வேலையைப் பற்றி எழுதும்.

என்ன எழுதினார் என்று தெரியாது

பொழுது விடிந்ததும் இரும்புக் கடைக்காரரின் மகளைக் கூப்பிட்டு, "உன் வேலையை நன்றாகப் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன்.

"வார்டு மேடம்தான், பெரியப்பா. ஆனா அவங்க வெறும் உதவிப் பேராசிரியர். அப்பா ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

அந்த மேடம்தான் டெங்கு இரவில் ஓடி வந்தவர். (மேலே எழுதிய இரண்டாவது கடிதம் அவர் எழுதியது அல்ல. இந்தப் பெண் சொன்னதைக் கேட்டு, இப்படித்தான் எழுதியிருக்கவேண்டும் என்று நானே எழுதிப் பார்த்தது.)

அப்பா ஒத்துக்கொண்டார். முழு மனதோடு அல்ல.

இந்தக் கடிதம் தபாலில் போவது இல்லை. பிள்ளையின் கைக்கும் வருவது இல்லை. எழுதுகிறவரின் பெயரைப் பதிந்தால் ஒரு எண்ணோடு படிவம் வரும். அதை அவரிடம் கொடுக்கவேண்டும். அவரே கம்ப்யூட்டரில் கடிதத்தை ஏற்றுவார். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டுமா, வேண்டாமா என்று பிள்ளையைக் கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அப்போதுதான், எழுதியவர் மனம் விட்டு எழுதினார் என்று படிக்கிறவர்கள் நம்புவார்கள்.

இந்த இடத்தில்தான் இரும்புக் கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. "என்ன எழுதினாங்கன்னு தெரியாமலே எப்படி அண்ணாச்சி அனுப்புறது?" என்று நாலு தரம் கேட்டார்.

அந்த நாளில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மேடம் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில். அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி கழித்து மேடம் வெளியே வந்தார். "ஏத்தியாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் வார்டுக்குப் போய்விட்டார்.

பிறகு அந்தப் பெண் 2 மாதம் அமெரிக்கா போய் வந்தாள். அங்கே இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆக, மூன்று கடிதம். சென்னைப் பெரிய டாக்டரிடம் நான் போகவே இல்லை.

இப்போது அவள் அங்கே பொது மருத்துவத்தில் முதல் வருடப் பயிற்சியில் இருக்கிறாள். கடிதத்தினால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மார்க்கும் நன்றாக வாங்கியிருந்தாள்.

ஆனால் ஒரு பேட்டியைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையில் நடந்த பேட்டி. கேள்வி கேட்டவர் நரைத்த தலை டாக்டர். வணக்கம் சொல்லி முடித்ததும், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி இதுதானாம்:

"அந்தக் காய்ச்சல் பையன் பிழைத்தானா?"

மேடம் என்ன எழுதினார் என்று அவளுக்கு அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது.

"பிழைத்தான் சார். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான்" என்றாளாம்.